பேய்க்கும் தெரியும், நமக்கும் தெரியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேய்ப்படம் பற்றித்தான். காரணம் புரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையோரம் கிடக்கிறது, பகலில் பெயின்ட் அடிப்பது, இன்ஜின் பிரிப்பது, வலை பார்ப்பது என்று வேலை இருந்தாலும் ராத்திரி சும்மாதானே, கையில் போன் வேறு. நாட்டுப்படகுக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை, அவர்களுக்குத் தடையும் கிடையாது, படுத்தால் தூக்கமும் வந்துவிடும். இன்னொன்று, பதில்களில் படங்களின் முடிவைச் சொல்லியிருக்கிறேன். அது பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

கேள்வி: அண்ணே, 'தி கேபின் இன் த வுட்ஸ்' படத்தை நானும் மச்சானும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடிச்சது. மச்சான், "இது பேய்ப்படமே இல்ல, பேய்ப்படம் பார்க்கிறவனைக் கேலி பண்ற படம், முதல் சீன்லயே ஆபீஸைக் காட்டிட்டா அப்புறம் என்ன திகில்"னு சொல்றான். ஒரு வாரமா பேச்சு ஓயல. தீர்ப்பு சொல்லுங்க. (கீழே வேறு கையெழுத்தில்: தீர்ப்பு எதுவா இருந்தாலும் எனக்குப் பயம் வரல, எழுதிக்கங்க.)
ஆர்.கே., மண்டபம்

பதில்: எழுதிக்கொண்டேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் விடுமுறைக்குக் காட்டுக்குள் இருக்கும் ஒரு மரவீட்டுக்குப் போகிறார்கள். நிலவறையில் பழைய சாமான்கள், எதை எடுத்து நோண்டுகிறார்களோ அதற்குரிய பேய் எழுந்து வரும். இதுவரைக்கும் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அந்த வீட்டுக்கு அடியில் ஒரு பெரிய அலுவலகம் ஓடுகிறது, டை கட்டின ஆட்கள் கேமராவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கதவைப் பூட்டி, புத்தியை மந்தமாக்கும் புகையை விட்டு, இந்த ஐந்து பேரும் பேய்ப்படத்தில் வருகிறவர்கள் மாதிரியே முட்டாள்தனம் பண்ணும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பூமிக்குக் கீழே தூங்கும் பழைய தெய்வங்களுக்கு இப்படி ஒரு பலி வேண்டும், இல்லையென்றால் உலகம் முடிந்தது. இயக்கியவர் ட்ரூ கொடார்ட், எழுத்தில் அவருடன் ஜாஸ் வீடன். 2009ல் எடுத்த படம், எம்ஜிஎம் நிறுவனம் கடனில் சிக்கியதால் 2012 வரை பெட்டியிலேயே கிடந்தது. அந்த இடைவெளியில் இதில் நடித்த க்றிஸ் ஹெம்ஸ்வொர்த் 'தோர்' என்கிற சூப்பர்ஹீரோ ஆகிவிட்டார், அதனால் அவர் பைக்கில் பள்ளத்தைத் தாண்டப் பாய்ந்து கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதி விழும்போது படம் எடுத்தவர்களே எதிர்பார்க்காத ஒரு சிரிப்பு கூடுதலாகக் கிடைத்தது.

மச்சான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பயம் வராது. இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால்தான் பயம், இந்தப் படமோ எடுத்த எடுப்பில் காபி மிஷின் பக்கத்தில் இரண்டு நடுவயது ஆட்களை நிற்க வைக்கிறது, அதில் ஒருவர், பிள்ளை உண்டாவதற்கு முன்பே வீட்டு அலமாரிக்கெல்லாம் மனைவி பூட்டு மாட்டிவிட்டாள் என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே படாரென்று சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர், கூடவே ஒரு அலறல். அந்த ஓரிடத்தில் தூக்கிப்போடும், அதுவும் சத்தத்துக்குத்தான். இன்னொரு குறையையும் மச்சான் சார்பில் நானே சேர்க்கிறேன்: புகை விட்டுத்தான் இவர்கள் முட்டாளாகிறார்கள் என்று தெரிந்த பிறகு அவர்கள் செய்கிற எதற்கும் நாம் பதற மாட்டோம். "அந்தப் பக்கம் போகாதே"ன்னு திரையைப் பார்த்துக் கத்த முடியாத பேய்ப்படம் என்ன பேய்ப்படம்?

சரி, அப்படியானால் படம் மட்டமா? இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய பேய்ப்படங்களையெல்லாம் நாங்களும் பார்த்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்வது ரொம்பச் சுலபம். அந்தப் படத்திலிருந்து ஒரு கோடாரி, இந்தப் படத்திலிருந்து ஒரு முகமூடி, கண்டுபிடித்தவன் சிரிப்பான், கண்டுபிடிக்காதவன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான், அது வினாடி வினா. கேபின் படத்திலும் அந்த விளையாட்டு நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே ஒரு காரியம் செய்கிறது, தன் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற ஆளையும் கதைக்குள் இழுத்துவிடுகிறது. கீழே தூங்கும் தெய்வத்துக்கு ஐந்து பேர் வேண்டும், குறிப்பிட்ட வரிசையில் சாக வேண்டும், கன்னிப்பெண் கடைசி வரை இருக்கலாம், முறை தவறினால் கோபம் வரும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, இருபது நிமிஷமாகியும் ஒருத்தன்கூடச் சாகவில்லையே என்று நெளிகிறவன் யார்? நீங்கள், நான், மச்சான்.

இதற்கு ஒரு காட்சி போதும். பலி முடிந்துவிட்டது என்று நினைத்து அலுவலகத்தில் விருந்து. பாட்டு ஓடுகிறது, கிளாஸ் கை மாறுகிறது, ஓவர்டைம் பணம் பற்றிப் பேச்சு. பின்னால் சுவர் முழுக்க இருக்கிற திரைகளில், ஏரிக்கரை மரப்பாலத்தில் அந்த ஐந்து பேரில் ஒருத்தியான டேனாவைப் பேய் தூக்கித் தூக்கி அடிக்கிறது, சத்தமே இல்லாமல். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாமும் முதலில் விருந்தைத்தான் பார்க்கிறோம், அப்புறம்தான் கண் பின்னால் போகிறது. மச்சான் அந்த இடத்தை மட்டும் மறுபடி பார்க்கட்டும். பயம் வராது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அது பயத்தைவிட அபூர்வம்.

நம் கடற்கரைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கதியும் உண்டு. எந்தப் பேய் வரும் என்று அலுவலகத்தில் பலகையில் எழுதிப் பந்தயம் கட்டுகிறார்கள். ஹாட்லி என்கிற ஆளுக்கு ஒரே ஆசை, ஒரு தடவையாவது கடல்மனிதனைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு எதுவோ வந்து ஏமாற்றுகிறது. கடைசியில் எல்லாப் பேய்களும் கூண்டை விட்டு வெளியே வந்து அலுவலகமே ரத்தக்காடாகும்போது அவர் எதிரில் தரையில் வயிற்றால் இழுத்து இழுத்து ஊர்ந்து வருகிறது கடல்மனிதன். அவர் முகத்தில் வருவது பயம்கூட இல்லை, "இப்பவா?" என்கிற சலிப்பு. தின்று முடித்ததும் அதன் முதுகுத் துளை வழியாக ரத்தம் பீய்ச்சுகிறது. மட்டமான நகைச்சுவைதான், நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எனக்கு ஒட்டாதது முடிவு. கடைசியில் அந்தத் தெய்வத்தின் ராட்சசக் கை பூமியைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வரைக்கும் அந்தத் தெய்வம் நானாக இருந்தேன். கை வந்ததும் அது யாரோ ஒரு பூதம் ஆகிவிட்டது, நான் தப்பித்துவிட்டேன். தப்பிக்க விட்டிருக்கக் கூடாது.

தீர்ப்பு: கட்சி உங்களுக்கு, தண்டனை இல்லாமல் மச்சானுக்கு விடுதலை.

கேள்வி: 1996ல வந்த 'ஸ்க்ரீம்' பார்த்தேன். அதுல வர்றவங்களுக்கே பேய்ப்பட விதியெல்லாம் அத்துப்படி. தனியா போகாதே, "இதோ வந்துர்றேன்"னு சொல்லாதே, எல்லாம் தெரியுது. தெரிஞ்சும் சாகுறாங்களே, இது கதையில ஓட்டை இல்லையா?
ஜே. எஸ்., பாம்பன்

பதில்: ஓட்டை இல்லை தம்பி, அதுதான் படம். முதலில் ஒரு திருத்தம், அதில் பேய் கிடையாது, பேய் முகமூடி போட்ட கொலைகாரன்தான். எழுதியவர் கெவின் வில்லியம்சன், இயக்கியவர் வெஸ் க்ரேவன். அவர் சும்மா ஆளில்லை, 1984ல் கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகரை உண்டாக்கிய மனுஷன், அந்த மாதிரிப் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வந்து சலித்துப்போன பிறகு அச்சையே கதையாக்கினார்.

விதி தெரிந்தவன் பிழைப்பான் என்று நாம் நினைக்கிறோமே, அந்த நினைப்பைத்தான் முதல் காட்சியிலேயே உடைக்கிறார். போஸ்டரில் பெரிதாகத் தெரியும் ட்ரூ பேரிமோர்தான் நாயகி என்று நம்பி உட்கார்ந்தவர்கள், அடுப்பில் பாப்கார்ன் பொரிந்து முடிவதற்குள் அவரைப் பறிகொடுத்தார்கள். 1960ல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வில் செய்த வேலை, அங்கே நாயகி கிட்டத்தட்டப் பாதிப் படம் வரையாவது இருந்தார், இங்கே பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கதை முடிந்தது.

அந்த சோபா காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். விதிகளையெல்லாம் எல்லோருக்கும் பாடம் எடுத்த ராண்டி, தனியாக உட்கார்ந்து டிவியில் 1978ல் வந்த 'ஹாலோவீன்' பார்க்கிறான். அதில் கொலைகாரன் நாயகி ஜேமி லீ கர்டிஸுக்குப் பின்னால் வருகிறான். இவன் டிவியைப் பார்த்து, "ஜேமி, பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று கத்துகிறான், இவனுக்குப் பின்னால் முகமூடி கத்தியோடு நிற்கிறது. ராண்டியாக நடித்தவரின் பெயரும் ஜேமிதான், ஜேமி கென்னடி. இதோடு விடவில்லை. வெளியே செய்தி வேனில் ஒரு கேமராக்காரர், அந்த அறையில் ஒளித்து வைத்த கேமரா வழியாக இதைப் பார்த்துவிட்டு, "டேய், பின்னாடி பாருடா" என்று கத்துகிறார். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது, படம் முப்பது விநாடி தாமதமாகத்தான் வேனுக்கு வருகிறது. கொலைகாரன் இப்போது அறையில் இல்லை. வேனுக்கு வெளியே நிற்கிறான். இத்தனைக்கும் பின்னால் நாம் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேமராக்காரரைப் பார்த்துக் கத்துகிறோம்.

பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும், தன் முதுகைத் தவிர. இதில் சிரிப்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை. பயம் என்று பார்த்தால் கேபினைவிட இதுதான் பல படி மேல். மண்டபத்து மச்சானுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

கேள்வி: பத்து வயசுப் பையன், கூட்டாளிகள் எல்லாரும் பார்த்துட்டாங்கன்னு இந்தப் படங்களைக் கேட்டு அழுறான். "சும்மா காமெடிதான் உம்மா"ங்கிறான். காட்டலாமா?
ஒரு தாய், கீழக்கரை

பதில்: வேண்டாம் ராத்தா. கேபின், ஸ்க்ரீம் இரண்டுமே அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் வாங்கியவை, அதாவது 17 வயது ஆகாத பிள்ளை பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது. காமெடி என்பது உண்மைதான், ஆனால் குடல் வெளியே வருகிற காமெடி. பையனின் கூட்டாளிகளில் பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்ததாகச் சொல்வார்கள், நாமும் அந்த வயதில் அப்படித்தானே.

கேள்வி: எனக்கு வயது அறுபத்தெட்டு. பேய்ப்படம் என்றால் பயமுறுத்த வேண்டும், சிரிப்புப் படம் என்றால் சிரிக்க வைக்க வேண்டும். இரண்டையும் கலந்து, நடுவே பார்க்கிறவனைப் பார்த்துக் கண்ணடித்து, இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்ட கப்சா. நம் பக்கத்தில் இப்படி உண்டா?
ஒரு பழைய ரசிகர், தொண்டி

பதில்: ஐயா, உங்கள் வயதுக்கு நீங்கள் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நம் மாவட்டத்தில் வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் போடாத ஊர் எத்தனை?

நினைத்துப் பாருங்கள். முதலில் யார் வருகிறார்? பபூன். வந்ததும் கதைக்குள் போகிறாரா? ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், மைக் செட்டைக் குறை சொல்வார், முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷரை ஒரு வாங்கு வாங்குவார், நாடகம் போட்ட கமிட்டியையும் விட மாட்டார். நாம் பார்ப்பது நாடகம், மேலே நிற்பது நடிகர், இந்த ராஜா வேஷத்துக்குச் சம்பளம் பேசியிருக்கிறது என்பதெல்லாம் அங்கே யாரும் மறைக்கிற விஷயமே இல்லை. வேலன் வேஷம் போட்டவர் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார், மைக்கில் அவர் பெயரைச் சொல்லி நன்றியும் சொல்வார்கள், வேலன் விட்ட இடத்திலிருந்து வள்ளியைத் தொடருவார்.

அதே மேடையில்தான், அதே சனங்கள் முன்னால்தான், விடியற்காலை லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது. சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறாள், காவலுக்கு நிற்கும் புருஷனே பெண்டாட்டி என்று தெரியாமல் காசு கேட்கிறான். முடிவில் பிள்ளை எழுந்துவிடுவான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அழாத பெண்டுகள் உண்டா? தெரிந்திருப்பது அழுகையைக் கெடுக்கவில்லை, பத்து மணிக்குச் சிரித்த சிரிப்பும் கெடுக்கவில்லை.

ஒரே ஒரு ஒழுங்கு உண்டு, மயான காண்டம் வந்துவிட்டால் பபூன் மேடையில் இருக்க மாட்டார். இந்த ஒழுங்கு தெரியாத படங்கள்தான் உங்களை எரிச்சல்படுத்தியிருக்கும். பேய் நிஜமாகவே ஒருத்தியின் கழுத்தை நெரிக்கிறது, பக்கத்தில் காமெடியன் பஞ்ச் பேசுகிறார். அங்கே பயமும் போச்சு, சிரிப்பும் போச்சு. கோபம் நியாயம், ஆனால் அதற்கு வெள்ளைக்காரன் பொறுப்பில்லை.

கேள்வி: தமிழில் 'கேபின்' மாதிரி ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும்? ஏற்கெனவே இருக்கிறதா?
பி. எம்., சாயல்குடி

பதில்: நம் ஊர் நிலவறை அலுவலகத்தை இப்போதே கண்ணால் பார்க்க முடிகிறது. ஒருத்தர் சீலிங் ஃபேன் ஆட்ட, ஒருத்தர் கொலுசுச் சத்தம் விட, ஒருத்தர் கரெக்டாக விளக்கேற்றும் நேரம் காற்றை ஊத. பலகையில் பந்தயம்: வெள்ளைச் சேலை, பூட்டின அறை, பாழுங்கிணறு, பொம்மை, எலுமிச்சம்பழம் குத்தின மாந்திரீகர். காட்டுப்பாதையில் எச்சரிக்கிற பெட்ரோல் பங்க் கிழவருக்குப் பதிலாக நமக்கு டீக்கடைப் பெரியவர், "அந்த பங்களாவுக்கா தம்பி போறீங்க?" (கேபினில் அந்தக் கிழவர் அலுவலகத்துக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்வார். நம் பெரியவர் டீக்காசு பாக்கியைக் கேட்பார்.) இடைவேளைக்கு அப்புறம் பிளாஷ்பேக்குக்கு என்று தனி டிபார்ட்மென்ட்.

அந்த டிபார்ட்மென்டில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கப் படத்தில் பார்வையாளன் கேட்பது கூத்தடிக்கிற இளவட்டங்களின் சாவை. நாம் கேட்பது அதை இல்லை. நம் படத்தில் பேய்தான் பாதிக்கப்பட்டவள். நிலத்தைப் பிடுங்கினவன், கற்பழித்தவன், குடும்பத்தோடு எரித்தவன், ஸ்டேஷனில் புகார் வாங்காமல் விட்டவன், இவர்களைப் பேய் தேடித் தேடி அடிக்கும்போது விசில் அடிக்கிறோம். உயிரோடு இருந்த வரைக்கும் அவளுக்கு யாரும் இல்லை, செத்த பிறகு தியேட்டரே அவள் பக்கம். நம் கீழே தூங்குகிற தெய்வத்துக்கு வில்லனின் பலி வேண்டும், ஆனால் அதற்கு முன்பணமாக ஒரு பெண் செத்தாக வேண்டும். அந்த முன்பணத்தைப் பற்றி யோசிக்கிற படம் வந்தால் அதுதான் நம் ஊர் கேபின். வெறும் எலுமிச்சம்பழத்தைக் கிண்டலடித்தால் போதாது.

இருப்பவற்றில், 2025ல் வந்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' கேபினுக்குப் பக்கத்து வீடு, படங்களைக் கிழிக்கிற விமர்சகர் ஒருவர், இயக்குநராக இருக்கிற ஒரு பேயின் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார். யோசனை அபாரம். ஆனால் பபூன் மேடையை விட்டு இறங்கவே இல்லை. 2015ல் வந்த 'மாயா'வில், ஒரு பேய்ப்படத்தைத் தியேட்டரில் தன்னந்தனியாக உட்கார்ந்து பார்த்தால் பணம் என்று அறிவிப்பு, பணத்தேவையில் இருக்கும் ஒரு தாய் உட்காருகிறாள். சிரிப்பே இல்லாமல் பார்வையாளரை மாட்டிவிடும் படம்.

என் ஓட்டு 2009ல் விக்ரம் குமார் எடுத்த 'யாவரும் நலம்' படத்துக்கு. புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த குடும்பம், மதியம் ஒரு மணிக்கு டிவியில் ஒரு சீரியல், சீரியலில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கிறது. மாதவன் பாத்திரம் தன் குடும்பத்துக்கு அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, நம் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பது மாதிரியே, அந்த நேரத்துக்கு டிவி முன்னால் வந்து நிற்கிறார். கிண்டல் இல்லை, கண்ணடிப்பு இல்லை. நாம் தினமும் செய்கிற வேலையைப் பேய் கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்க இருக்கிறது தர்கா பக்கம். படத்துல பேயோட்டுற காட்சி வந்தா, கட்டிவெச்சு அடிக்கிறதும் புகை போடுறதும், எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது. நான் ரொம்ப சீரியஸா?
பெயர் வேண்டாம், ஏர்வாடி

பதில்: இல்லைங்க. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை உங்கள் ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது, அப்புறம்தான் அந்த மாதிரி இடங்கள் மூடப்பட்டன. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, வாய் கோணி, கண் சொருகி, சங்கிலியில் திமிறும் பெண்ணைக் காட்டிச் சிரிப்பு வாங்குகிற காட்சி எப்படிச் சிரிப்பைத் தரும்?

கோபத்தோடு சொல்கிறேன், நம் பேய்க் காமெடிகள் மற்ற பேய்ப்படங்களை எல்லாம் தெரிந்து வைத்திருக்கின்றன, ஏர்வாடியைத் தெரிந்து வைத்திருக்கவில்லை. பேயோட்டும் மாந்திரீகரைப் போலி என்று காட்டிச் சிரிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் சிரிப்பேன். கட்டி வைக்கப்பட்டவரைக் காட்டிச் சிரிக்கிற இடத்தில் எழுந்து போய் டீ குடியுங்கள். சீரியஸாக இருப்பது குற்றமில்லை.

கேள்வி: தனுஷ்கோடியில பேய் இருக்குன்னு வீடியோ போட்டே நாலு பேர் பிழைக்கிறாங்க. அங்க ஒரு நல்ல பேய்ப்படம் எடுக்கலாம்தானே? தன்னைத்தானே கேலி பண்ற மாதிரி?
எக்ஸ். ஏ., தங்கச்சிமடம்

பதில்: அங்கே எடுக்கலாம், ஆனால் பேய் யார் என்பதில் உங்களுக்கும் எனக்கும் தகராறு வரும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊர் போனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆளோடு கடலுக்குள் போனது, ரயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல். அப்புறம் மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. அறிவித்தது சரி, வாழ்கிறவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இடிந்த சர்ச்சுக்கும் ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்கள், சங்கு மாலை விற்கிற அக்காமார்கள், மீன் பொரிக்கிற கடைகள். 2017ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்ததும் வேனும் பஸ்ஸுமாக ஜனம். வீடியோக்காரர் சர்ச் சுவரை மட்டும் சட்டகத்துக்குள் வைத்து, பத்தடி தள்ளி உலர்கிற கருவாட்டையும் துணியையும் வெட்டிவிட்டு, "மனித நடமாட்டமே இல்லாத" என்று கிசுகிசுக்கிறார். பக்கத்தில் ஒரு பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும், அதையும் நகரச் சொல்வார்கள்.

படம் எடுப்பதானால் அந்தப் பிள்ளை பக்கமிருந்து எடுங்கள். சாயங்காலம் ஆனால் எங்கிருந்தோ வருகிறார்கள், கையில் விளக்கு, இல்லாத ஒருத்தரிடம் பேசுகிறார்கள், திடீரென்று அலறுகிறார்கள், ஓடுகிறார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வந்து அதையே செய்கிறார்கள். இதை வீட்டு வாசலில் நின்று பார்க்கிற குடும்பத்துக்கு யார் பேய்? அவர்களில் ஒருத்தர் காசுக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இருட்டில் நடந்து காட்டினால் கதை இன்னும் சூடாகும். யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

கேள்வி: முதல் அரை மணி நேரம் மட்டமா இருக்கிற பேய்ப்படத்தை நிறுத்திடலாமா, பார்க்கணுமா?
டி. வி., உச்சிப்புளி

பதில்: நிறுத்திவிடலாம், ஒரு படத்தைத் தவிர. 'ஒன் கட் ஆஃப் தி டெட்' என்று ஜப்பான் படம், ஷினிச்சிரோ உவேதா இயக்கியது, செலவு 30 லட்சம் யென் அளவில்தான், பெயர் தெரியாத நடிகர்கள், 2018ல் ஊர் ஊராகப் பரவி 300 கோடி யெனுக்கு மேல் வசூலித்தது. முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட்டில் ஓடும் பிணப்பேய்க் கதை, நடிப்பு மோசம், கேமரா தரையில் விழுகிறது, ஆட்கள் காரணமில்லாமல் நின்று மழுப்புகிறார்கள். ஏன் அப்படி என்று மிச்சப் படம் சொல்கிறது. அதை நான் இங்கே சொன்னால் நீங்கள் உச்சிப்புளியிலிருந்து வண்டி ஏறி வந்து அடிப்பீர்கள். 37 நிமிஷம் வரைக்கும் ரிமோட்டை யாரிடமாவது கொடுத்து வையுங்கள். அதற்கு அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.